சூசையப்பரின் கனவும் நம்முடைய கனவும்



காலைப் பூசை முடிந்து வெளியே வருகிற சுவாமியாரிடம் ஜனங்கள் கேட்கிற கேள்விகளில் பாதிக்கு மேல், குருமடத்தில் நாங்கள் படித்த புத்தகங்களில் இல்லாதவை. "சாமி, ராத்திரி பல் விழுகிற மாதிரி கனவு கண்டேன், வீட்டில் யாருக்கும் ஒன்றும் ஆகாதே?" "சாமி, செத்துப்போன அப்பா வந்து தண்ணீர் கேட்டார்." "சாமி, மூன்று நாளாய் ஒரே பாம்பு." இப்படிக் கேட்கிறவர்கள் படிப்பில்லாதவர்கள் மட்டுமே என்று எண்ண வேண்டாம். பட்டணத்தில் பெரிய உத்தியோகம் பார்க்கிறவர்களும் டெலிபோனில் கூப்பிட்டு, ஊர் நலமெல்லாம் விசாரித்து, சுற்றி வளைத்துக் கடைசியில் இந்த இடத்துக்குத்தான் வந்து சேருகிறார்கள். சிரித்து அனுப்பிவிடுவது சுலபம். ஆனால் பயந்து வருகிறவரைப் பார்த்துச் சிரித்தால், அடுத்தபடியாக அவர் போகிற இடம் குறி சொல்லுகிறவன் வீடாக இருக்கும். அல்லது பஞ்சாங்கத்தில் 'கனவு பலன்' என்று போட்டிருக்கிற பக்கமாக இருக்கும். இந்தக் காலத்தில் யூடியூபில் கனவுக்குப் பொருள் சொல்லிக் காணிக்கை கேட்கிற தீர்க்கதரிசியாகவும் இருக்கும். ஆகையால் இந்த வாரம் இதைச் சற்று நிதானமாய்ப் பேசுவோம்.

வேதாகமத்தில் கனவு இல்லையா என்று கேட்பீர்கள். நிறைய உண்டு. யாக்கோபு கண்ட ஏணி, அவர் மகன் சூசை பாரவோனுக்கு விளக்கிச் சொன்ன பசுக்களும் கதிர்களும், சாலமோன் இராஜா கபாவோனில் ஞானத்தைக் கேட்டுப் பெற்ற இரவு, எல்லாம் கனவுகளே. மத்தேயு சுவிசேஷத்தில் ஆறு கனவுகள் வருகின்றன. ஒன்று மூன்று இராஜாக்களுக்கு. ஒன்று பிலாத்துவின் மனைவிக்கு. மற்ற நான்கும் அர்ச். சூசையப்பருக்கு.

அந்த நான்கையும் நீங்கள் வீட்டில் வேதாகமத்தைத் திறந்து ஒருமுறை வாசிக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். முதல் இரண்டு அதிகாரங்களுக்குள் எல்லாம் அடங்கிவிடும். முதல் கனவுக்கு முன் சூசையப்பர் எந்த நிலையில் இருந்தார் என்று கவனியுங்கள். தேவமாதா கர்ப்பவதியாய் இருப்பது தெரிந்தது. அவர் நீதிமான், அவளை ஊர் முன்பாக அவமானப்படுத்த மனமில்லை, இரகசியமாய் விலக்கிவிடலாம் என்று விழித்திருந்து யோசித்து முடிவுக்கு வந்திருந்தார். சம்மனசானவர் வந்து சொன்னது அதற்கு நேர்மாறு: பயப்படாதே, மரியாளை உன் மனைவியாக ஏற்றுக்கொள் என்பதே அதன் சாரம். உடைந்துபோக இருந்த ஒரு கலியாணத்தை அந்தக் கனவு காப்பாற்றிற்று. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இரண்டாம் கனவு எஜிப்துக்கு ஓடச் சொன்னது. சூசையப்பர் அந்த இரவிலேயே எழுந்து பிள்ளையையும் தாயையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டார். மூன்றாவது, திரும்பிவரச் சொன்னது. நான்காவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. யூதேயாவில் ஏரோதுவின் மகன் அர்க்கெலாவு ஆளுகிறான் என்று கேள்விப்பட்டு, அங்கே போகச் சூசையப்பர் தாமாகவே அஞ்சினார். அதன் பிறகே கனவில் எச்சரிப்பு வருகிறது. அதாவது, நாட்டு நடப்பை விசாரித்து, ஆபத்தை எடைபோட்டு, ஒரு தகப்பன் செய்யவேண்டிய யோசனையை எல்லாம் செய்த மனிதனுக்கே தேவ உதவி வந்தது. சுவிசேஷத்தில் சூசையப்பர் பேசிய ஒரு வார்த்தைகூட எழுதப்படவில்லை. கண்ட கனவை யாரிடமும் போய்ச் சொல்லி அர்த்தம் கேட்டதாகவும் இல்லை. கனவு வேண்டுமென்று அவர் ஜெபித்ததாகவும் இல்லை. விழித்தபின் அவருக்கு மிஞ்சியது செய்யவேண்டிய ஒரு வேலை. அவர் கண்டது தம்முடைய நாளைய அதிர்ஷ்டத்தை அல்ல, பிறத்தியாருக்காகத் தாம் படவேண்டிய பாட்டைத்தான்.

அப்படியானால் நாம் காண்பதெல்லாம் சம்மனசு கொண்டுவந்த செய்தியா? அல்லவே அல்ல. பழைய ஏற்பாட்டிலேயே கனவுகளைப் பற்றிக் கடுமையான எச்சரிக்கை உண்டு. சீராக் ஆகமத்தின் 34-ம் அதிகாரம், கனவை நம்புகிறவன் நிழலைப் பிடிக்க ஓடுகிறவனைப் போன்றவன் என்ற கருத்தில் பேசுகிறது. சர்வேசுரன் அனுப்பினால் ஒழிய அதற்கு உன் மனதைக் கொடுக்காதே என்றும் சேர்த்துக்கொள்கிறது. உபாகமத்தின் 18-ம் அதிகாரத்தில் சூனியம், குறி ஆகியவற்றோடு கனவு பார்த்துப் பலன் சொல்வதும் விலக்கப்பட்டதாக நமது பழைய இலத்தீன் வேதாகமம் சொல்லுகிறது. 1992-ல் வெளியான திருச்சபையின் ஞானோபதேச நூலும், வருங்காலத்தைத் திருட்டுத்தனமாய் அறியப் பார்க்கும் எல்லா வழிகளையும் 2116-ம் எண்ணில் தள்ளுகிறது. முதல் கற்பனைக்கு விரோதம் என்பதே காரணம்.

அர்ச். அக்குயினாஸ் தோமையார் 13-ம் நூற்றாண்டிலேயே கனவுகளுக்குக் காரணம் என்னவென்று பொறுமையாய் ஆராய்ந்திருக்கிறார். பகலில் மனதை ஆக்கிரமித்தது இரவில் வரும்; சரீரத்தின் நிலையும் கனவாகும், சரீரத்தில் குளிர்ச்சி மிகுந்தவன் தண்ணீரிலும் பனியிலும் கிடப்பதாகக் காண்பான், வைத்தியர்கள் இதைக் கவனிப்பது நியாயமே என்கிறார்; சுற்றுப்புறமும் காரணமாகலாம்; இவற்றுக்கு மேல், சில சமயம் தேவன் சம்மனசுகளைக்கொண்டு அறிவிப்பதுண்டு, பசாசு ஏமாற்றுவதும் உண்டு. இத்தனைக்கும் நடுவில், இராத்திரி பத்து மணிக்குப் பிரியாணி சாப்பிட்டுவிட்டு, படுக்கையில் கிடந்தபடி செல்போனில் கொலைச் செய்தி பார்த்துவிட்டுத் தூங்குகிறவர் காணும் கனவுக்குச் சம்மனசைக் காரணம் சொல்வது அந்தச் சம்மனசுக்கே மரியாதையல்ல.

'விடியற்காலைக் கனவு பலிக்கும்' என்று நம் தாய்மார் சொல்லுவார்கள். இதற்கும் ஒரு விளக்கம் கிடைத்திருக்கிறது. 1953-ல் அமெரிக்காவில் சிக்காகோ சர்வகலாசாலையைச் சேர்ந்த அசெரின்ஸ்கி, கிளைட்மன் என்ற இருவர், தூங்குகிறவர்களின் கண்கள் மூடிய இமைக்குள் சில நேரங்களில் வேகமாய் அசைவதையும், அந்த நேரத்தில் எழுப்பினால் அவர்கள் பெரும்பாலும் கனவைச் சொல்வதையும் கண்டு வெளியிட்டார்கள். ஏறக்குறைய ஒன்றரை மணிக்கு ஒருமுறை இந்த நேரம் வந்து போகிறது. விடியவிடிய அதன் நீளம் கூடுகிறது. விடியற்காலையில் கனவு நீளமாயும் தெளிவாயும் இருப்பதும், அதிலிருந்தே விழிப்பதால் நினைவில் நிற்பதும் இதனாலேதான். நினைவில் நிற்கிற கனவு வேறு, பலிக்கிற கனவு வேறு.

இது வெறும் தர்க்க விஷயமாயிருந்தால் இத்தனை எழுதமாட்டேன். கனவினால் குடும்பங்கள் கெடுவதுண்டு. நான் முன்பு இருந்த ஒரு பங்கில் நடந்ததைச் சொல்லுகிறேன். சம்பந்தப்பட்டவர்கள் சம்மதித்திருக்கிறார்கள், ஆனாலும் ஊரையும் பேரையும் சொல்லமாட்டேன். ஒரு பெண்ணுக்கு ஞாயிற்றுக்கிழமை முதல் ஓலை வாசித்தாகிவிட்டது. திங்கட்கிழமை விடிந்ததும் விதவையான அவள் தாய் பங்களா வாசலில் நிற்கிறாள். "சாமி, ரெண்டாம் ஓலை வாசிக்க வேண்டாம். கலியாணத்தை நிறுத்திருங்க." ஏன் என்று கேட்டால் கனவு. ஆறு வருஷத்துக்கு முன் இறந்துபோன புருஷன் நனைந்த வேட்டியோடு கோவில் வாசலில் நிற்கிறாராம். மகள் கலியாணப் புடவையோடு கிட்டே வர, அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாராம்.

"உங்கள் வீட்டுக்காரர் வாய் திறந்து ஏதும் சொன்னாரா அம்மா?"

"இல்லீங்க சாமி. முதுகைக் காட்டிட்டுப் போயிட்டாக."

"விழித்திருக்கையில் மாப்பிள்ளையைப் பற்றி ஏதாவது தப்பாகக் கேள்விப்பட்டீர்களா?"

"ஐயோ, அப்படி ஒண்ணும் இல்லை. தங்கமான பிள்ளை."

பிறகு வெகுநேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம் அழுகையோடு வந்தது உண்மை. பத்துப் பவுன் போடுகிறதாகச் சொல்லியிருந்தார்கள். கையில் இருந்தது ஆறு. மீதிக்காக, புருஷன் பாடுபட்டு வாங்கி வைத்த அரை ஏக்கர் நிலத்தை வட்டிக்காரனிடம் எழுதிக்கொடுக்கப் பேசி முடித்திருந்தாள். அந்தத் திங்கட்கிழமையேதான் பத்திரம் எழுதுகிற நாள். மகளுக்குத் தெரியாது, மாப்பிள்ளை வீட்டாருக்கும் தெரியாது. செத்துப்போன மனிதர் ஏன் முகத்தைத் திருப்பினார் என்று கண்டுபிடிக்கத் தீர்க்கதரிசி வேண்டுமா?

அன்று மாலையே மாப்பிள்ளையின் தகப்பனாரைக் கூப்பிட்டு மூவரும் பேசினோம். அவர் முதலில் கொஞ்சம் விறைத்தார். பிறகு, "பிள்ளையைப் பெத்த வீட்டைக் கடனாளியாக்கி என் வீட்டுக்கு விளக்கேத்த வேண்டாம்" என்று எழுந்துவிட்டார். ஆறு பவுனோடு பேச்சு முடிந்தது. (அந்த ஆறும் பேரமாய்ப் பேசப்பட்டிருக்கக் கூடாது. 1961-ம் ஆண்டுச் சட்டப்படி வரதட்சணை கேட்பதும் கொடுப்பதும் குற்றம்; நம்முடைய கத்தோலிக்க வீடுகளில் அது எவ்வளவு சாதாரணமாய் நடக்கிறது என்பதை வேறொரு வாரம் எழுதத்தான் வேண்டும்.) இரண்டாம் ஓலையும் மூன்றாம் ஓலையும் வாசித்து, கலியாணம் நடந்து, இன்றைக்கு அவர்களுக்கு இரண்டு பிள்ளைகள். நிலம் தாயின் பேரில்தான் இருக்கிறது.

அந்தக் கனவு மோட்சத்திலிருந்து வந்ததென்று நான் நம்பவில்லை. அந்தத் தாயின் நெஞ்சிலிருந்த பாரமே நனைந்த வேட்டி கட்டிக்கொண்டு வந்து நின்றது. ஆயினும் அவள் அதற்குக் கொடுத்த அர்த்தத்தின்படி நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஓலை வாசித்து நின்றுபோன பெண்ணைப் பற்றி ஊர் என்னென்ன பேசும் என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாய்த் தெரியும். கொடுத்த வார்த்தையை முறிக்கச் சொல்லி, குற்றமில்லாத ஒரு பையனையும் பெண்ணையும் தண்டிக்கச் சொல்லி, ஏழைத் தாயைப் பொய்க்காரியாக்கச் சொல்லி ஒரு கனவு வந்தால், அதன் அர்த்தத்தை யார் எப்படிச் சொன்னாலும் அதற்குக் கீழ்ப்படியக் கூடாது. சூசையப்பரின் முதல் கனவை இங்கே நினைத்துப் பாருங்கள்.

மரித்தவர்களைக் கனவில் காண்பது பற்றி இன்னும் சில வார்த்தைகள். 'அப்பா தண்ணீர் கேட்டார்' என்று சொல்லுகிறவர்களுக்கு நான் எப்போதும் அர்ச். பெர்பெத்துவம்மாளின் கதையைச் சொல்லுவேன். ஆப்பிரிக்காவில் கார்த்தேஜ் பட்டணத்தில் 203-ம் ஆண்டு வேதசாட்சியாய் மரித்தவள். கைக்குழந்தையுடைய இளம் தாய். சிறையிலிருந்தபோது தன் கையால் எழுதி வைத்த குறிப்பு இன்றும் நமக்குக் கிடைக்கிறது. ஏழு வயதில் முகத்தில் புற்றுநோய் கண்டு இறந்துபோன தன் தம்பி தினோக்கிராத்தேசின் பேர், ஒருநாள் ஜெபத்தின் நடுவில் அவள் வாயில் வந்தது. அன்றிரவு அவனைக் கண்டாள். இருட்டான இடம், அவன் வெம்மையிலும் தாகத்திலும் தவிக்கிறான், முகத்தில் அந்தப் புண் அப்படியே இருக்கிறது. பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி ஒன்று உண்டு, ஆனால் அதன் விளிம்பு அவன் உயரத்துக்கு மேலே. எட்டி எட்டிப் பார்க்கிறான், முடியவில்லை.

விழித்தவுடன் பெர்பெத்துவம்மாள் என்ன செய்தாள்? சகுனம் பார்க்கவில்லை. தான் காட்டு மிருகங்களுக்கு இரையாகப் போவதைப் பற்றி அதில் ஏதும் குறிப்பு உண்டோ என்று தேடவுமில்லை. இரவும் பகலும் தம்பிக்காக அழுது ஜெபித்தாள். சில நாளைக்குப் பின், கால்கள் தொழுமரத்தில் மாட்டப்பட்டிருந்த ஒரு நாளில், மறுபடியும் அவனைக் கண்டாள். இடம் வெளிச்சமாயிருந்தது, புண் இருந்த இடத்தில் தழும்பு மட்டும், தொட்டியின் விளிம்பு பையனின் இடுப்பளவுக்குத் தாழ்ந்திருந்தது. அவன் வேண்டியமட்டும் குடித்துவிட்டு, பிள்ளைகள் விளையாடுவதுபோல விளையாடப் போய்விட்டான். இந்தக் குறிப்பு வேதாகமம் அல்லவென்று அர்ச். அகுஸ்தீனாரே ஞாபகப்படுத்தியிருக்கிறார், அதன் ஒவ்வொரு விவரமும் விசுவாச சத்தியமல்ல. ஆனால் இறந்துபோன நம்மவரைக் கனவில் கண்டால் எந்தப் பக்கம் திரும்பவேண்டும் என்பதை அந்த இளம் தாய் நன்றாய் அறிந்திருந்தாள்.

மரித்த ஆத்துமங்களுக்கு நம் ஜெபமும், விசேஷமாய்ப் பலிபூசையும் உதவுகின்றன என்று 1563-ல் திரெந்து சங்கம் உறுதியாய்ப் போதித்தது. அதே தீர்மானத்தில், இந்த விஷயத்தில் வீண் ஆவலையும் மூடபத்தியையும் பண ஆசையையும் விலக்கவேண்டும் என்றும் மேற்றிராணிமாருக்குக் கட்டளையிட்டது. "எத்தனை பூசை வைத்தால் அவர் கனவில் வருவது நிற்கும்?" என்று ஒருவர் என்னிடம் கேட்டார். பூசை கனவை நிறுத்துகிற மருந்தல்ல. பிரியமான ஒருவர் போய்விட்டால் கனவில் வருவார். நாற்பது வருஷம் கூட வாழ்ந்த மனிதரை மூளை நாற்பது நாளில் மறந்துவிடுமா? வந்தால் பயப்படாதீர்கள். ஒரு பரலோக மந்திரம், ஒரு அருள்நிறை மந்திரம் அவருக்காகச் சொல்லிவிட்டுத் திரும்பிப் படுங்கள்.

அர்ச்சியசிஷ்டவர்கள் தங்கள் சொந்தக் கனவை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பதும் தெரிந்திருக்க வேண்டியது. அகுஸ்தீன் தப்பறையில் விழுந்து கிடந்த காலத்தில், தாய் மோனிக்கம்மாள் ஒரு கனவு கண்டாள். தான் ஒரு மர அளவுகோலின்மேல் நின்று அழுகிறாள். பிரகாசமான ஒரு வாலிபன் வந்து, நீ நிற்கிற இடத்தில் அவனும் இருப்பான் என்ற பொருளில் சொல்லுகிறான். திரும்பிப் பார்த்தால் மகன் பக்கத்தில் நிற்கிறான். இதைக் கேட்ட அகுஸ்தீன், நீங்கள்தான் என் பக்கம் வருவீர்கள் என்று அர்த்தமாம் என மழுப்பப் பார்த்தார். அவள் தயங்காமல், அப்படிச் சொல்லப்படவில்லையே என்று மறுத்துவிட்டாள். அதன்பின் அவள் நிம்மதியாய் உட்கார்ந்துவிட்டாளா? இல்லை, ஏறக்குறைய ஒன்பது வருஷம் அதே கண்ணீரும் அதே ஜெபமும். 387-ம் ஆண்டு பாஸ்குத் திருநாளில் மகன் மிலான் பட்டணத்தில் ஞானஸ்நானம் பெற்றதைப் பார்த்துவிட்டு, அந்த வருஷமே இறந்தாள். இன்னொரு சமயம் மகனின் விவாகத்தைப் பற்றித் தேவன் எதையாவது காட்டவேண்டுமென்று வேண்டிக்கொண்டபோது, ஏதேதோ வீணான காட்சிகள் வந்தன; அவற்றை ஒரு பொருட்டாக மதிக்காமலே மகனிடம் சொன்னாள். தேவன் காட்டுவதையும் தன் மனமே காட்டுவதையும் பிரித்தறிய ஒருவித ருசி உண்டு, அதை வார்த்தையில் சொல்ல முடியாது என்பாளாம். அத்தனை ஜெபித்தவளுக்கே அப்படி இருந்தது.

அர்ச். தொன் போஸ்கோவை அறியாத வீடு நம்மில் இல்லை. அவருடைய சலேசிய சபையார் 1906-ல் முதன்முதல் இந்தியாவில் வந்து இறங்கி வேலை தொடங்கியது நம் தஞ்சாவூரில்தான். ஒன்பது வயதில் அவர் ஒரு கனவு கண்டார். சண்டையிட்டுத் தூஷணம் பேசுகிற பையன்களை இவர் குத்தப் போக, அடியால் அல்ல, சாந்தத்தால் அவர்களை ஜெயிக்கவேண்டும் என்று ஒரு மகத்தான மனிதர் தடுக்கிறார். காலையில் வீட்டில் சொன்னபோது ஆளுக்கொரு அர்த்தம்: ஆடு மேய்ப்பாய் என்றான் ஒரு அண்ணன், குருவாகலாம் என்றாள் தாய், கொள்ளைக்கூட்டத் தலைவனாவாய் என்றான் இன்னொரு அண்ணன். எழுத்தறியாத பாட்டியோ, கனவுகளைப் பொருட்படுத்தாதே என்று முடித்துவிட்டாள். தாமும் பாட்டியின் பக்கமே இருந்ததாகத் தொன் போஸ்கோ பின்னால் எழுதினார்; ஆனால் அந்தக் கனவு மட்டும் மனதை விட்டுப் போகவில்லை. 1858-ல் 9-ம் பத்திநாதர் பாப்பரசர் சொன்ன பிறகே, அதுவும் பல வருஷங் கழித்து, அதை எழுதி வைத்தார். நடுவில் அவர் கனவை நம்பி உட்கார்ந்திருக்கவில்லை; தையல் வேலை, தச்சு வேலை, பிறர் வீட்டுப் பண்ணை வேலை எல்லாம் செய்து படித்தார்.

வாலிபர்களில் சிலர் அசுத்தமான கனவு கண்டுவிட்டோம், சற்பிரசாதம் வாங்கலாமா என்று தவிக்கிறார்கள். அறிவும் சம்மதமும் இல்லாத இடத்தில் பாவமில்லை. தூக்கத்தில் இரண்டும் இல்லை. மேற்றிராணியாரான பிறகும் அர்ச். அகுஸ்தீனார் இப்படிப்பட்ட கனவுகள் தமக்கு வருவதைத் தம்முடைய நூலில் வெளிப்படையாய் எழுதியிருக்கிறார். தாராளமாய் வாங்குங்கள். பகலில் வேண்டுமென்றே பார்த்ததும் படித்ததும் வேறு கணக்கு. சின்னப் பிள்ளைகள் அலறி எழுந்தால் அதட்டாதீர்கள். தண்ணீர் கொடுத்து, நெற்றியில் சிலுவை அடையாளம் போட்டு, காவலான சம்மனசை நினைப்பூட்டிப் பக்கத்தில் படுக்க வையுங்கள். அதே பயங்கரக் கனவு வாரக்கணக்கில் விடாமல் வந்தால், அது பெரியவரானாலும் சிறியவரானாலும், வைத்தியரிடம் காட்டுவது விசுவாசக் குறைவல்ல.

குருக்கள் படுக்கைக்கு முன் சொல்லுகிற ஜெபத்தில் 'தே லூச்சிஸ்' என்று தொடங்கும் பழைய இலத்தீன் கீதம் ஒன்று உண்டு. பொல்லாத கனவுகளும் இரவின் மாயத் தோற்றங்களும் அகலும்படி அதில் மன்றாடுவோம். சங்கத்துக்குப் பின் 1971-ல் வந்த புதிய ஜெபப் புத்தகத்தில் அந்த அடிகளுக்குப் பதிலாக, தூக்கத்திலும் எங்கள் இருதயம் உம்மையே கனவு காணட்டும் என்ற கருத்தில் வேறு அடிகள் வந்திருக்கின்றன. எனக்கு இரண்டும் வேண்டியிருக்கிறது. 2015 ஜனவரியில் மணிலாவில் குடும்பங்களிடம் பேசிய பிரான்சிசு பாப்பரசர், தூங்குகிற சூசையப்பரின் சுரூபம் ஒன்று தம் மேஜைமேல் இருப்பதையும், தமக்கு ஏதேனும் கஷ்டம் வந்தால் ஒரு காகிதத்தில் எழுதி அதன் அடியில் வைத்துவிடுவதையும் சொன்னார். 2025 ஏப்ரலில் அவர் இறந்த பிறகு நம்முடைய வீடுகளிலும் சிலர் அந்தச் சுரூபத்தை வாங்கியிருப்பதைப் பார்த்தேன். நல்லது. ஆனால் காகிதத்தில் எழுதவேண்டியது கஷ்டத்தை. லாட்டரி எண்ணைக் கனவில் காட்டும்படி அல்ல. (எழுதி வைத்ததைக் கண்ணால் கண்டதால் சொல்லுகிறேன்.)

இனி, குடும்ப இரவு ஜெபம் நின்றுபோன வீடுகளில் புதன்கிழமை முதல் அதை மறுபடி தொடங்கும்படி கேட்டுக்கொள்கிறேன். ஜெபமாலை முழுவதும் முடியாவிட்டால் ஒரு பத்து மணியாவது சொல்லி, அன்று செய்ததை ஒரு நிமிஷம் யோசித்து, மனஸ்தாப மந்திரம் சொல்லி, கோபமாயிருக்கிறவர்கள் பேசிக்கொண்டு படுங்கள். மரித்தவர்களுக்காகப் பூசைக் கருத்துக் கொடுக்க விரும்புகிறவர்கள் கோவில் பிள்ளையிடம் பேரை மட்டும் எழுதிக் கொடுத்தால் போதும். கனவையும் சேர்த்து எழுதவேண்டியதில்லை.

உங்கள் பங்குச் சுவாமியார்